சார் வைத்த பழுது

தொழிற்பள்ளியில் பாடம் நடத்த வைத்திருந்த இன்ஜின் ஒருநாளும் சாலையைப் பார்த்ததில்லை. ஞானதிரவியம் சார் தினமும் காலையில் அதில் ரகசியமாக ஒரு பழுது வைப்பார். மாணவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். முப்பத்து நான்கு வருடத்தில் மூன்றே முறை மறந்திருக்கிறார்: கல்யாணம் நிச்சயமானபோது, மகள் பிறந்தபோது, பேத்தி பிறந்தபோது. எல்லாம் சந்தோஷத்தில் வந்த மறதி.

அவர் ஓய்வுபெறும் நாள் வந்தது.

“இன்னைக்கும் மறப்பார் பாருங்கண்ணே,” என்றது பக்கத்திலிருந்த புது பேட்டரி. “வீட்டுக்குப் போற குஷி. உங்களை விட்டாப் போதும்னு இருப்பார்.”

“வாயை மூடுறா,” என்றது இன்ஜின். ஆனால் மறந்துவிடுவாரோ என்ற பயம் அதற்கும் இருந்தது.

சார் வந்தார். பேத்திக்கு வாங்கிய பொம்மையை பெஞ்சில் வைத்துவிட்டு, இன்ஜினுக்குள் கைவிட்டு ஒரு வயரைக் கழற்றினார். போகத் திரும்பியவர் நின்று, இன்னோர் இடத்திலும் கைவைத்தார்.

வயரைப் பத்தே நிமிடத்தில் மாணவர்கள் பிடித்துவிட்டார்கள். மற்றது கடைசி மணி அடிக்கும்வரை அகப்படவில்லை.

கழுத்தில் மாலையோடு வாசலில் நின்று சார் சொன்னார்: “இன்னும் ஒண்ணு இருக்குப்பா. நாளைக்குத் தேடுங்க.”

எல்லோரும் போனபின் பேட்டரி கெஞ்சியது: “எங்கண்ணே வெச்சார்? எனக்கு மட்டும் சொல்லுங்க.”

“நீயும் தேடு,” என்றது இன்ஜின்.