சீட்டில் கிடந்த காமிக்ஸ்

"சார், உங்க புக்கை விட்டுட்டீங்க."

சானடோரியம் ஸ்டேஷனில் இறங்கிய பெரியவர் திரும்பவே இல்லை. ஜெயஸ்ரீ ஜன்னல் கம்பி வழியாகப் புத்தகத்தை நீட்டினாள். பிளாட்பாரத்தில் நின்ற யாரோ வாங்கி, பெரியவர் தோளைத் தட்டி அதைக் கையில் கொடுத்தார்.

பெரியவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. ஒரு தேங்க்ஸ் கூட இல்லை.

கிண்டி ஆபீசுக்கு மாற்றலாகி இந்த வாரம்தான் ஜெயஸ்ரீ தாம்பரத்தில் இந்த ரயிலைப் பிடிக்க ஆரம்பித்திருந்தாள். தினமும் இதே கூத்து. பெரியவர் காய்கறிப் பையோடு ஏறி எதிரே உட்காருவார். அடுத்த ஸ்டேஷனிலேயே இறங்கிவிடுவார். அந்தப் புத்தகம் மட்டும் சீட்டில் கிடக்கும். இவள் எடுத்துக் கொடுப்பாள். அவர் முறைப்பார்.

"வயசானா மறதி சகஜம்தான். அதுக்காக எடுத்துக் குடுக்கறவங்களையா முறைக்கறது?" என்று ஆபீசில் சொல்லிப் பொருமினாள்.

வெள்ளிக்கிழமை அவள் முந்திக்கொண்டாள். அவர் எழுந்ததுமே புத்தகத்தை எடுத்துக் கையில் திணித்தாள்.

"இன்னிக்காவது மறக்காதீங்க சார்."

"மறக்கலைம்மா. வேணும்னேதான் வைக்கறேன். நீங்கதான் வைக்க விடமாட்டேங்கறேள்."

சிக்னல் கிடைக்காமல் ரயில் வழியிலேயே நின்றது. பெரியவருக்குத் தப்பிக்க வழியில்லை. மறுபடி உட்கார்ந்தார்.

"பேர் தோத்தாத்ரி. சிட்லபாக்கத்துல வீடு. இது என் மாட்டுப்பொண் ஸ்ம்ருதி எழுதி வரைஞ்ச காமிக்ஸ். புக் வந்து ஒரு வருஷமாச்சு, சீண்ட ஆளில்லை. மனசு விட்டுப்போய் வரையறதையே நிறுத்திட்டா. சானடோரியத்துக்கு அடுத்த குரோம்பேட்டைல இதே பெட்டியிலதான் ஏறுவா. முன்னப்பின்ன தெரியாத ஒருத்தர் படிக்கறதை அவ கண்ணால பாக்கணும். அதான் மார்க்கெட் போறேன்னு சொல்லிட்டு வந்து வச்சுட்டுப் போறேன்."

"நல்லா இருக்குன்னு நீங்களே சொல்லலாமே சார்?"

"சொன்னேன். மாமனார் வேற எப்படிச் சொல்வார்னு சிரிச்சுட்டுப் போயிட்டா. ஆனா போன மாசம் ட்ரெயின்ல நாலஞ்சு பேர் படிச்சாளாம், அவளே வந்து சொன்னா. அதுக்கப்புறம்தான் மறுபடி பேனாவையே தொட்டா. இந்த வாரம் நீங்க எடுத்து எடுத்துக் குடுத்துட்டேள். அவளும் ஒண்ணும் சொல்லலை."

ஜெயஸ்ரீ நாக்கைக் கடித்துக்கொண்டாள். "குடுங்க சார், நான் படிக்கறேன்."

"நான் வச்சேன்னு மட்டும் யார்கிட்டயும் சொல்லிடாதீங்கோ."

ரயில் நகர்ந்தது. சானடோரியத்தில் அவர் இறங்கிப் போனார்.

'ஆமை வண்டி' என்று அட்டையில் போட்டிருந்தது. காமிக்ஸ் எல்லாம் ஸ்கூலோடு சரி. பெரியவருக்காகச் சும்மா புரட்டுவதாகத்தான் நினைத்தாள்.

முயல் ஆமை கதைதான். ஆனால் யுத்த காலம். குண்டு விழுந்துகொண்டிருக்கிற ஊருக்கு மருந்து போயாக வேண்டும். மோட்டார் சைக்கிளில் பறக்கிறவனுக்கு முயல் என்று பட்டப்பெயர். மாட்டு வண்டிக்காரன் ஆமை. இருவரையும் ஆளுக்கொரு வழியில் அனுப்புகிறார்கள். ஊரே முயலைத்தான் நம்பியிருக்கிறது.

இந்த முயல் தூங்கவில்லை. அடிபட்டுப் பனைமரத்தடியில் கிடக்கிறான். தன் வழி அடைபட்டுப்போய் அந்தப் பக்கமாக வந்த ஆமை அவனைப் பார்த்துவிடுகிறான். ஏற்றிக்கொண்டால் பாரம், தாமதம். தலைக்கு மேலே விமானச் சத்தம். விட்டுவிட்டுப் போகலாம் என்று பார்த்தால், மாடு இரண்டும் நகர மாட்டேன் என்கின்றன.

அந்தப் பக்கத்தில் ஜெயஸ்ரீ வாய்விட்டுச் சிரித்தாள். அடுத்த பக்கத்தில் துப்பட்டாவால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். குரோம்பேட்டை வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது.

"நல்லா இருக்கா?" என்றது எதிரே ஒரு பெண்குரல்.

"ஒரு நிமிஷம் இருங்க, மாட்டு வண்டி பாலத்து மேல நிக்குது," என்றாள், நிமிராமல்.

கடைசிப் பக்கம் முடிந்த பிறகுதான் எதிரே பார்த்தாள். மடியில் லஞ்ச் பையோடு ஒரு பெண் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்படி ஒரு புக் இருக்கறதே யாருக்கும் தெரியல பாருங்க. முயலும் ஆமையும் ஒரே வண்டியில போய்ச் சேர்றாங்க. ஐயோ, முடிவைச் சொல்லிட்டேன். பரவால்ல, சொன்னாலும் ருசி குறையாது, நீங்க படிச்சே ஆகணும். இந்தாங்க, எனக்குக் கிண்டியில இறங்கணும்."

"கிண்டி போயாச்சுங்க. அடுத்தது மாம்பலம்." அந்தப் பெண் புத்தகத்தை வாங்கி அட்டையைத் தடவினாள். "அதை வரைஞ்சது நான்தான்."

பெரியவருக்குக் கொடுத்த வாக்கு அப்போதுதான் ஜெயஸ்ரீக்கு ஞாபகம் வந்தது.

"அப்படியா? சீட்டுல கிடந்துதுங்க. யாரோ மறந்து வச்சுட்டுப் போயிருக்காங்க போல."

ஸ்ம்ருதி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"அந்த யாரோ எங்க மாமனார்தான். கட்டிலுக்கடியில இருக்கற விக்காத காப்பிக் கட்டுலேர்ந்து ஒண்ணு உருவிட்டு வந்து வைப்பார். எல்லாரும் ஒதுக்கி வச்சுட்டு உக்காருவாங்களே தவிர, ஒருத்தரும் பிரிச்சுக்கூடப் பாக்க மாட்டாங்க. நான்தான் எடுத்துட்டுப் போய் அவருக்குத் தெரியாம மறுபடி கட்டுல சொருகிடுவேன். 'இன்னிக்கு ஒருத்தர் விழுந்து விழுந்து படிச்சார்ப்பா'ன்னு சொல்வேன். குழந்தை மாதிரி சிரிப்பார். அந்தச் சிரிப்புக்காகத்தான் மறுபடி வரையவே உக்காந்தேன்."

மாம்பலம் வந்தது. ஜெயஸ்ரீ எழுந்தபோது ஸ்ம்ருதி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னிக்கு அவர்கிட்ட நான் பொய் சொல்ல வேண்டியதில்லைங்க."