அளவு ஜாக்கெட்

“தை மாசம் என் கல்யாணத்தை வெச்சுக்கிட்டு, ஜாக்கெட் தைக்க அளவு குடுக்க மாட்டேன்றாங்க மேடம்! பழைய அளவு ஜாக்கெட்டையாவது குடும்மான்னா, அது இனிமே சேராதுன்றாங்க. மேடைக்கே வரமாட்டாங்களாம்!”

கீதாஞ்சலி பொரிந்து தள்ளினாள். செங்கம் சாலையில் இருந்த அந்த ஆலோசனை அறையில், அவளுடைய தாய் ஆதிலட்சுமி கைப்பையை மார்போடு அணைத்தபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நீ மேடையில நில்லு, போதும். நான் சமையக்கட்டுல இருந்து பாத்துக்கறேன்.”

“தாரை வாக்க யாரு வருவா? பக்கத்து வீட்டுக்காரியா?”

“உன் சித்தி நிக்கட்டும். பாக்கறதுக்கு லட்சணமா இருப்பா.”

உளநல ஆலோசகர் அறிவுமதி மெல்லக் கேட்டாள். “போன வாரம் ஒரு பயிற்சி சொன்னேனே, செஞ்சீங்களாம்மா? கண்ணாடி முன்னாடி நின்னு, திட்டாம, தெரியறதை மட்டும் சொல்லணும்னு?”

“செஞ்சேன் மேடம்.”

“பொய்யி! பீரோ கண்ணாடி மேல இன்னும் பழைய புடவைதான் தொங்குது.”

ஆதிலட்சுமியின் குரல் உடைந்தது. “கல்யாணத்துக்கு வர்றவங்க கண்ணு எங்க வந்து நிக்கும்னு எனக்குத் தெரியும்டீ.”

அவள் சொன்னதில் பிழையில்லை. வாழ்த்த வருவோர், வாழ்த்துவதற்கு முன் ஆளை எடைபோடுகிறார்களே, அந்த உரிமையை அவர்களுக்கு யார் கொடுத்தார்கள்?

“கண்ணாடி எங்கியும் போயிடாதும்மா. அவசரமில்ல,” என்றாள் அறிவுமதி.

தீபத் திருநாள் வந்தது. இணையத்தில் முட்டி மோதிப் பெற்ற அனுமதிச் சீட்டுடன் கீதாஞ்சலி தாயைக் கோயிலுக்குள் இழுத்து வந்திருந்தாள். கொடிமரத்தருகே மூச்சுவிடவும் இடமில்லை. ஆதிலட்சுமி கைப்பையை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

பொழுது சாய்ந்தது. ஆண்டுக்கு ஒருமுறை, சில நிமிடங்களே வெளிவரும் அர்த்தநாரீசுவரர் ஆடியாடி எழுந்தருளினார். இடப்பாதி அம்மை, வலப்பாதி அப்பன். அக்கணமே மலையுச்சியில் சுடர் எழுந்தது.

“அண்ணாமலையாருக்கு அரோகரா!”

கல்தூண்களும் அதிர்ந்தன. சிறுவயது முதல் ஆதிலட்சுமி கண்ட காட்சிதான். ஆனால், இன்றுதான் அந்தத் திருமேனியை உச்சி முதல் பாதம் வரை பார்த்தாள். பார்த்தவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. கைப்பை நழுவி விழுந்ததையும் அறியாமல் இரு கைகளையும் தலைக்குமேல் தூக்கினாள். வலக்கை முழுவதும் எழவில்லை, எழுந்தமட்டும் எழுந்தது.

“அம்மா, இன்னாம்மா அழுவுற?”



மறுநாள் காலை, தையற்கடை திறக்கும்போதே ஆதிலட்சுமி வாசலில் நின்றாள். தையற்காரி ராஜம்மாள் நாடாவை எடுத்து அளக்கத் தொடங்கினாள். பாதியில் அவள் கை சட்டென்று நின்றது.

“அக்கா... வெளிய தெரியாம, உள்ள பஞ்சு வெச்சுத் தெச்சுடட்டுமா?”

“வேணாம் ராஜம்மா. கேன்சர்னு வலப்பக்கத்து மார்பை எடுத்துட்டாங்க; அந்தப் பக்கம் தட்டையாவே தை. நேத்து அத்தனை ஜனம் கையெடுத்துக் கும்பிட்டுச்சே, அந்தச் சாமிக்கு யாரு பஞ்சு வெச்சாங்க?”