பதினாலாம் நம்பர் சீட்

“ஆபீஸ் கம்ப்யூட்டரைத் திறக்க உனக்கு யாரு அனுமதி கொடுத்தா?”

மேனேஜரின் குரலில் ஹாலே திரும்பிப் பார்த்தது. பக்கத்து சீட் டைப்பிஸ்ட் அக்கா டைப் அடிப்பதை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தாள். புதுசாகச் சேர்ந்த பொண்ணு. வேலை நிரந்தரமாவது இந்த மனுஷனின் கையெழுத்தில் இருக்கிறது. இந்த நேரத்தில் ஸ்க்ரூடிரைவரோடு தரையில் உட்கார்ந்திருக்கிறாளே.

“யாரும் கொடுக்கல சார்,” என்றாள் அவள், நிமிராமலே.

பழைய கம்ப்யூட்டரின் பக்க மூடி சுவரில் சாய்ந்திருந்தது. உள்ளே சும்மா கிடந்த ஸ்லாட்டில் ஒரு சின்ன கார்டைச் செருகி ஸ்க்ரூவை முடுக்கினாள். பின்பக்கம் மூன்று நீல யுஎஸ்பி போர்ட்டும் ஒரு டைப்-சியும் எட்டிப் பார்த்தன.

“என்ன கண்றாவி இது?”

“போர்ட் கார்டு சார். என் காசுல வாங்கினது. புது ஸ்கேனர் பழைய போர்ட்டுல ஊர்ந்துக்கிட்டு போகுது. வெளியில ஜனங்க கால் கடுக்க நிக்கறாங்க. கடைசியில நான்தான் மந்தம்னு பேர் வாங்கறேன்.”

அது என்னவோ நிஜம். எல்லா சீட்டுக்கும் புது கம்ப்யூட்டர் வந்துவிட்டது. அவளுடைய பதினாலாம் நம்பர் சீட்டுக்கு மட்டும் வரவில்லை. “எப்ப சார் வரும்?” என்று தினமும் நச்சரித்துக்கொண்டுதான் இருந்தாள். போன வாரம் மேனேஜர் லீவில் இருந்தபோது ஃபைலோடு அவர் வீட்டுக்குப் போய்க் கையெழுத்து வாங்கி வந்தாள். அதோடு கேட்பதை விட்டுவிட்டாள். நல்ல புத்தி வந்துவிட்டது என்று அக்கா நிம்மதியாக இருந்தாள்.

மூடியை மாட்டி ஸ்விட்சைப் போட்டாள். ஸ்கேனர் கண்ணையே திறக்கவில்லை.

“இன்ஜினியரம்மா, இருந்ததும் போச்சா?” என்றார் கேஷியர். நாலைந்து பேர் சிரித்தார்கள்.

அவள் மறுபடி எல்லாவற்றையும் அணைத்து, மூடியைக் கழற்றினாள். “கார்டுக்குக் கரண்ட் வயரே கொடுக்கல. என் தப்புதான்,” என்று எல்லோருக்கும் கேட்கவே சொன்னாள். வயரை மாட்டினாள்.

இந்த முறை ஸ்கேனர் விளக்கு எரிந்தது. வைத்த பேப்பர் சர்ரென்று உள்ளே போய் வந்தது. கேஷியர் அவசரமாக நோட்டு எண்ண ஆரம்பித்தார்.

மேனேஜர் விடவில்லை. “ஆபீஸ் பொருள் வேற, வீட்டுப் பொருள் வேற. ரெண்டையும் கலக்கற பழக்கம் என்கிட்ட நடக்காது. கழட்டு.”

“கழட்டிடும்மா,” அக்கா கிசுகிசுத்தாள். “ஒரு சாரி சொல்லிட்டுப் போ. உனக்கெதுக்கு வம்பு?”

அவள் எழுந்து கையைத் தட்டிக்கொண்டாள். ஸ்க்ரூடிரைவரை மேஜைமேல் வைத்தாள்.

“கழட்டறேன் சார். புது கம்ப்யூட்டர் வர்ற அன்னிக்கு.”

“அது எப்ப வரும்னு யாருக்குத் தெரியும்?”

“உங்க பையனுக்குத் தெரியும் சார். பதினாலாம் நம்பர் ஸ்டிக்கர் ஒட்டினதுலதான் விளையாடிக்கிட்டு இருந்தான். கேட்டேன். இந்த கேமை முடிச்சுட்டுத் தர்றேன்னு சொன்னான்.”