போதும்

சிறுநீரக நோயாளிகள் குடிக்கும் தண்ணீரைக் கணக்கு வைத்து, அளவு முடிந்ததும் நிறுத்தச் சொல்லும் செயலி அது. அனுமதியில்லாத மொழி கலந்திருப்பதாக ஆப் ஸ்டோர்காரர்கள் மறுபடியும் திருப்பிவிட்டார்கள். அவர்கள் சொன்ன கணினி மொழியில்தான் மெஹ்ராஜ் எல்லாவற்றையும் எழுதியிருந்தாள்.

கூட வேலை பார்க்கும் ஜெபசிங் திரையில் இருந்த நிரலில் ஒரு வரிமேல் விரல் வைத்தான். "நிறுத்துற இடத்துக்கு 'போதும்'னு பேர் வச்சிருக்க பாரு."

"வெறும் பேருதானடா அது."

"அவங்களுக்கு எதெல்லாம் மொழின்னு யாருக்குத் தெரியும். மாத்திடு."

பெயரை மட்டும் மாற்றினாள். அனுமதி வந்துவிட்டது.

வீட்டில், அன்றைய அளவைக் குடித்து முடித்திருந்த வாப்பா டம்ளரோடு போனைப் பார்த்தார். அது பேசாமல் கிடந்தது.

"இன்னும் குடிக்கலாமாம்மா?"

மெஹ்ராஜ் பதறி வாயைத் திறந்தாள். மாற்றிவிட்ட அந்தச் சொல் மட்டும் வரவில்லை.