கோணல் பல் வைத்தியம்

"வாய நல்லா தொற. பல்லு நேராகணும்னா வலியப் பொறுத்துத்தான் ஆகணும்," என்று சொல்லியபடி பல் டாக்டர் நல்லையா, ஜெயபாலனின் பல்லில் மாட்டியிருந்த கம்பியைக் குறட்டால் முறுக்கினார். ஜெயபாலன் கண் கலங்க முனகினான்.

வாசலில் நின்ற ஜப்பானிய சார்ஜன்ட் அதை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். சயாமில் ரயில் பாதை போட இளவட்டங்களைப் பிடித்துப் போக காஜா பெராங் தெருவுக்கு வந்தவன் அவன். பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர் யூனுஸ், கையில் பெயர்ப் பட்டியலோடு.

நல்லையா பயந்தது யூனுஸுக்குத்தான். சார்ஜன்டை ஏய்த்துவிடலாம், அவனுக்குத் தமிழும் தெரியாது, பல் வைத்தியமும் தெரியாது. இதே தெருவில் பிறந்து வளர்ந்த யூனுஸுக்கு, ஜெயபாலனின் பல்லில் ஒரு கோணலும் இல்லை என்பது தெரியாதா? கம்பி உடைந்த பிடிலிலிருந்து கழற்றியது என்று தெரிந்தால், நல்லையாவும் சேர்ந்தே சயாமுக்குப் போக வேண்டியதுதான்.

"இவன் பேரு லிஸ்டுல இருக்கு. ஏன் கூட்டிட்டுப் போகக் கூடாதுன்னு துவான் கேக்குறாரு," என்று சார்ஜன்டைக் காட்டிச் சொன்னார் யூனுஸ்.

"வாராவாரம் முறுக்கணும் பாய். ஒரு வருஷத்துக்கு."

அந்த ஒரு வரியை யூனுஸ் ஜப்பானிய மொழியில் வெகுநேரம் சொன்னார். நடுவில் தாடையைப் பிடித்துக் காட்டினார், இருமியும் காட்டினார். சார்ஜன்ட் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டான். பட்டியலில் ஒரு கோடு கிழித்துவிட்டு லாரியை நோக்கி விறுவிறுவென்று நடந்தான்.

அரை நிமிடத்தில் யூனுஸ் மட்டும் திரும்பி வந்தார். கதவைச் சாத்தினார்.

"பதினாலு பேரு, டாக்டர். ரெண்டே மாசத்துல, இந்த ஒரு தெருவுல, பதினாலு பேருக்குப் பல்லு கோணிக்கிச்சு. எல்லாம் திடகாத்திரமான பயலுவ."

நல்லையாவின் கையிலிருந்து குறடு நழுவித் தரையில் விழுந்தது.

யூனுஸ் குரலைத் தாழ்த்தினார். "நாளைக்குப் புது லிஸ்டு வருது. அதுல என் மகன் பேரு இருக்கு."

"அவனுக்குப் பல்லு..."

"வரிசையாத்தான் இருக்கு. அதனால என்ன, நீங்க நேராக்கி விடுங்க."