ஆயிரத்து அறுபத்து நான்கு டிகிரி

மனைவியின் வீங்கிய விரலிலிருந்து மோதிரம் கழலவில்லை. "கூடவே போகட்டும்" என்று பொன்னையன் சொல்லிவிட்டார். மின்மயானத்தில் உலையை இயக்கும் அருளாயி உடலை அப்படியே உள்ளே அனுப்பினாள்.

இரண்டு மணி நேரம் கழித்துச் சாம்பலை வாரினாள். மனைவி போட்டிருந்த மூக்குக்கண்ணாடியின் அலுமினியச் சட்டம் துளித்துளியாக உருகி உறைந்திருந்தது. மோதிரம் கறுத்திருந்தது, ஆனால் முழுசாக இருந்தது.

"உருகி அவளோடயே போயிடும்னு நெனச்சேனேம்மா."

"உள்ள எண்ணூறு டிகிரிதாங்கய்யா. அலுமினியம் உருகிடும். தங்கத்துக்கு ஆயிரத்தைத் தாண்டணும்."

சூட்டைத் தணிக்க அவள் தண்ணீர் மொண்டு வந்தாள். பொன்னையன் தடுத்தார்.

"ஊத்தாதம்மா. தானா ஆறட்டும்."

துண்டில் சுற்றி மோதிரத்தை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். வாசலில் அடுத்த வண்டி ஹாரன் அடித்தது. அருளாயி வெளியே போய், "இன்னும் கொஞ்ச நேரம் ஆகும்" என்றாள்.