பதினோராயிரம் படமும் வந்தாச்சு

மேசைமேல் இரண்டு கணினிகள், நடுவில் ஒரு ஒயர். பழையதன் நெற்றியில் போன ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது.

"பதினோராயிரம் படமும் வந்தாச்சு பெருசு," என்றது புதியது.

பழையது நம்பவில்லை. "மூணே நிமிஷத்திலா? படத்தை எடுத்தியா, இல்லை படம் இருக்கிற இடத்தை மட்டும் குறிச்சுக்கிட்டியா?"

"ரெண்டும் ஒண்ணுதானே. திறந்தா தெரியுது பாரு!"

தெரிந்தது, ஒயர் வழியாகப் பழையதிலிருந்து. மேசைமுன் உட்கார்ந்திருந்த சிவகாமசுந்தரிக்கு அது எப்படித் தெரியும்? இறந்துபோன அப்பாவின் சிரிப்பைப் புதிய திரையில் பார்த்துத் திருப்தியானாள். வாசலில் பழைய சாமான் எடுக்க வந்தவர் மணியடித்தார்.

"ஒரு நிமிஷம்ங்க, எல்லாத்தையும் அழிச்சிட்டுத் தர்றேன்!" என்றவள் பழையதன் பக்கம் திரும்பினாள்.

"அவகிட்ட உண்மையைச் சொல்லுடா!" என்றது பழையது.

"வந்த முதல் நாளே தப்பை ஒத்துக்கிட்டா என் மானம் என்னாகும்?"

பழையது அணைந்தால் மறுபடி எழுவது நிச்சயமில்லை. போன மாதம் ஏழு முறை பொத்தானை அழுத்திய பிறகுதான் எழுந்தது. சிவகாமசுந்தரியின் விரல் 'அழி' என்பதை நெருங்கியது. பழையது பட்டென்று தன்னையே அணைத்துக்கொண்டது.

புதிய திரையில் அப்பா மறைந்தார். எல்லாமே வெற்றுக் கட்டங்கள்.

"ஐயோ, அப்பா எங்கே?"

பழையதன் பொத்தானை அழுத்தினாள். எழவில்லை. திரும்பத் திரும்ப அழுத்தினாள்.

எட்டாவது முறை அழுத்தியபோது புதியது கெஞ்சியது: "அண்ணே, எழுந்திருங்க அண்ணே!"